வேறு ஒருவரும் இல்லை

சிறைச்சாலை, ஓக்லாந்து
18.3.1996

பிரசாந்திக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. சுகமாக இருக்கிறேன், தருவதைச் சாப்பிடுகிறேன். மற்றதை எழுதத்தான் பேனையை எடுத்தேன்.

ஆறு வருடம். வெள்ளிக்கிழமை நீதிமன்றத்துக்கு நீயும் வரவில்லை, உன் புருஷன் குணரத்தினமும் வரவில்லை, ஆகவே நான்தான் சொல்லவேண்டி இருக்கிறது. நீதிபதி ஆங்கிலத்தில் சொன்னார், பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் விளங்கும் என்று அவருக்குச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒரே தண்டனையை இரண்டு பாஷையில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"படித்த பெண். தன் நாட்டில் பிள்ளைகளுக்கு இரசாயனம் கற்பித்தவர். இந்த நாடு அடைக்கலம் கொடுத்தது. அவர் தன் படிப்பைத் கோடீன் கலந்த தலையிடிக் குளிசையிலிருந்து ஹெரோயின் காய்ச்சப் பயன்படுத்தினார். பிடிபட்ட பிறகும் வருத்தப்படவில்லை. அந்த வீட்டில் இல்லாத ஒருவர் மேல் பழியைப் போட்டார்." இவ்வளவும் யாரைப் பற்றி என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஆறு வருடம் என்னை இவ்வளவு உலுக்கவில்லை, பிரசாந்தி. நீ சாட்சிக் கூட்டில் ஏறிய அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. யாரோ கொண்டுவந்த ஆங்கிலப் பகவத்கீதையில் கையை வைத்தாய். "உங்கள் அக்காவின் வீட்டில் வேறு யாராவது வசித்தார்களா?" என்று அரச தரப்பு லோயர் கேட்டார். "இல்லை, வேறு ஒருவரும் இல்லை. அக்கா தனியத்தான் இருந்தவ" என்றாய். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. காது அடைத்துவிட்டது.

என் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக்குச் சஞ்சீவனைக் கூட்டிக்கொண்டு வந்தது யார்? நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் கையில் ஒரு பை, உன் கையில் ஒரு சட்டி கோழிக் கறி. "அக்கா, இவற்ற தம்பி. எங்கட வீட்டில இடம் காணாது. கொஞ்ச நாளைக்கு உங்கட கராஜில இருக்கட்டும்" என்றாய். மெத்தையும் ஹீட்டரும் நான் கொண்டுபோய் வைத்தேன். உன் புருஷனின் தம்பி என்பதால் நல்ல போர்வையாகப் பார்த்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நான் சாட்சி சொன்னபோது உள்ளதைச் சொன்னேன். "அந்த மனிதர் எங்கே? உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவரா?" என்று அந்த லோயர் கேட்டார். "உங்கள் தங்கைகூட அவரை அங்கே கண்டதில்லையே" என்றார். ஜூரியில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஏன் என்று மட்டும் எழுது. சிறைக்கு வரவேண்டாம். உன் முகத்தைப் பார்க்க இப்போது எனக்குத் தெம்பில்லை.

இராசமலர்

*

கிளென் ஈடன்
29.3.1996

அக்கா,

உங்கள் கடிதத்தின் கடைசியில் வெறும் பெயரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு நீங்கள் ஒரு நாளும் இராசமலர் என்று எழுதியதில்லை, அக்கா என்றுதான் எழுதுவீர்கள்.

ஆறு வருடம் என்று இவர் பேப்பரில் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. வெள்ளைக்காரனின் கோடு, அவன் நீதிபதி செய்யாதவரை விட்டுவிடுவான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். விட்டார்கள் என்று செய்தி வந்ததும் உங்களை வீட்டுக்குக் கூட்டிவர அன்றைக்கு வேலைக்கு லீவுகூடச் சொல்லி வைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா, முதலில் சொன்னது யார்? போன யூலையில் பொலிஸ் உங்கள் வாசலுக்கு வந்து "இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டபோது, "வேறு ஒருவரும் இல்லை, கராஜ் பூட்டின் திறப்பும் என்னிடம்தான்" என்று சொன்னது நீங்கள். அன்று பின்னேரமே இரண்டு பேர் இங்கே வந்தார்கள். நான் மகள் கஜந்தினிக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். உங்களைப் பிடித்ததே எனக்குத் தெரியாது. "உன்னுடைய அக்காவோடு யார் இருக்கிறார்கள்?" என்றார்கள். "ஒருவரும் இல்லை" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. பொலிஸ் கேட்டால் எங்கள் வாயில் வேறு என்ன வரும்?

எங்கள் கீதன் அண்ணாவை மறந்துவிட்டீர்களா? கொழும்பில், வெள்ளவத்தையில் மேல்மாடி அறையில் இருந்தவரை யார் என்ன செய்திருப்பார்கள், வீட்டுக்காரர் சதாசிவம் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்? "மேலே யார்?" என்று பொலிஸ் கேட்டது. மாஸ்டர் நேர்மையான மனிதர், "யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருத்தன்" என்று உள்ளதைச் சொன்னார். அண்ணாவைப் பொலிஸ் வானில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் இன்றுவரை கொண்டுவந்து விடவில்லை. அம்மா சாகும்வரை மாஸ்டரைத் திட்டிக்கொண்டுதானே இருந்தா? நீங்களும்தானே திட்டினீர்கள்?

வழக்கு வரும்வரை எத்தனை கிழமை உங்களைச் சிறையில் வந்து பார்த்தேன். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. மூலையில் அந்த மாவோரி வார்டர் நிற்கிறா, கேட்டுவிடுவா என்று பயந்து, காலநிலையையும் கஜந்தினியின் பள்ளிக்கூடத்தையும் கதைத்துவிட்டு வந்தோம். அவவுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது? அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆகவே நீங்கள் சொன்ன சொல்லைத்தான் நான் கோட்டிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மாற்றிச் சொன்னால் உங்களைப் பொய்க்காரி ஆக்கிவிடுவேன் என்று பயந்தேன். இரண்டு நாள் கழித்து நீங்களே ஏறி, பேப்பர்க்காரர் எல்லாம் இருக்க, அந்த ஆளின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். அவரின் அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். சொல்லப் போகிறீர்கள் என்று எனக்கு ஒரு கண்ஜாடை காட்டியிருக்கலாம். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். "அவனுக்குப் பள்ளிக்கூடத்து விஞ்ஞானமே ஏறவில்லை. அந்த வீட்டு வளவில் கெமிஸ்ட்ரி தெரிந்தவ ஆர்?" என்று இவர் கேட்கிறார். போத்தல்களில் உங்கள் கைரேகை இருந்தது என்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆனால் நீங்கள் உங்கள் வாயால் எனக்கு ஒரு தரம்கூட இல்லை என்று சொன்னதில்லை. நீங்கள் செய்யவில்லைத்தானே அக்கா?

பிரசாந்தி

*

சிறைச்சாலை
7.4.1996

பிரசாந்தி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கட்டிலில் இருந்தவள் சாப்பாட்டு மணி அடித்ததும் தெரியாமல் இருந்திருக்கிறேன். பக்கத்து அறைக்காரி வந்து தோளைத் தட்டினாள். பன்னிரண்டு அந்நியர் என்னை நம்பவில்லை, அதைத் தாங்கிக்கொண்டேன். நீ கேட்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இல்லை. நான் செய்யவில்லை. போதுமா?

கராஜுக்குள் எடுத்த படங்களை ஜூரிக்குக் காட்டினார்கள். நீ பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டாய். நான் மாங்காய் ஊறுகாய்க்கு வைத்திருந்த போத்தல்களைக் கழுவாமல் கொள்ளாமல் எடுத்து, வாயில் குழாயைச் செருகி, ஒட்டுநாடாவைச் சுற்றி, ஊத்தையும் கறையுமாக வைத்திருந்தான். என் ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் வெளியே பிடித்து நிறுத்தியிருப்பேன். "நான் செய்திருந்தால் துப்புரவாகச் செய்திருப்பேன்" என்று கோட்டில் சொல்லத்தான் எனக்கு ஆசை. அதைச் சொன்னால் பன்னிரண்டு வருடம் தருவார்கள் என்று என் லோயர் தடுத்துவிட்டா. போத்தலில் என் கைரேகை இருக்காமல் வேறு யாருடையது இருக்கும்? ஊறுகாய் போட்டது நான்.

மணக்கவில்லையா என்றும் அவர்கள் கேட்டார்கள். மணந்தது. கார்ச் சாமானுக்குப் பெயின்ட் அடிக்கிறேன், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு வேர்க்‌ஷொப் ஆள் வேலை தந்தான் என்றான். தின்னர் மணமும் அப்படித்தான் இருக்கும். சரி, ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே என்பாய். எப்படிப் பார்ப்பேன்? நாங்கள் பெண் கொடுத்த வீட்டுக்காரர். மாப்பிள்ளையின் தம்பி தங்கியிருக்கிற இடத்தில் நான் போய் மூட்டை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன் என்று குணரத்தினத்தின் காதில் விழுந்தால், அதன் பலனை யார் அனுபவிப்பது? நீதானே? உன் வீட்டில் உனக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று என் கராஜ் கதவையே வெளியே நின்று தட்டிக் கூப்பிட்டேனே தவிர, உள்ளே போகவில்லை. இதை எந்தப் பாஷையில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் விளங்கப்படுத்துவது?

ஏன் கடைசியில் உண்மையைச் சொன்னேன் என்று குறைப்படுகிறாய். என் லோயர், காலில் நல்ல சப்பாத்துக்குப் பதிலாக ஓடுகிற சப்பாத்தோடு வருகிற சின்னப் பெட்டை. ஆனால் பிடிவாதக்காரி. "இது கொழும்பு இல்லை. நீங்கள் வாயை மூடினால் ஒருவரும் தப்பப் போவதில்லை, நீங்கள் உள்ளே போவதுதான் நடக்கும்" என்று மாதக்கணக்காகச் சொன்னா. அதை நம்ப எனக்கு வழக்குத் தொடங்கும் வரை பிடித்தது. நீயும் அதற்குள் நம்பியிருப்பாய் என்று நினைத்தது என் பிழை.

இப்போது அவ அப்பீல் போடுகிறா, தீர்ப்புக்கும் தண்டனைக்கும் சேர்த்து. காரணம் என்ன தெரியுமா? நீதிபதி ஜூரிக்குச் சொன்ன அறிவுரை. "அவர் பொலிஸுக்குப் பொய் சொன்னதாக அவரே ஒப்புக்கொள்கிறார். மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் மறைக்கவேண்டும் என்று உங்கள் பொது அறிவால் யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். மற்றப் பாதியைச் சொல்லவில்லை. பயத்தில் பொய் சொல்லுவார்கள், வெட்கத்தில் சொல்லுவார்கள், இன்னொருவரைக் காப்பாற்றச் சொல்லுவார்கள், ஒருவர் பொய் சொன்னார் என்பதற்காக அவர்தான் குற்றவாளி என்று பிடித்துவிடக் கூடாது என்று ஜூரியை எச்சரித்திருக்க வேண்டுமாம். அது சட்டமாம். கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் இந்த ஊர்ச் சட்டம் ஒரு வசனத்தில் எழுதி வைத்திருக்கிறது, அந்த ஒரு வசனத்தைத்தான் எனக்கு வாசிக்கவில்லை.

நீதிபதி இன்னொன்றும் சொன்னார். "இரண்டு சகோதரிகள், ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லாத நேரத்தில், ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை என்பதற்கு அடையாளமாக நீங்கள் எடுக்கலாம்." எங்கள் இருவரின் பொய்யும் அச்சுப் பிசகாமல் பொருந்தியதால் அது உண்மை ஆகிவிட்டது. ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரே பயத்தில் வளர்ந்தவர்கள் வேறு எப்படிச் சொல்லுவோம்?

அந்த ஆள், அந்த ஆள் என்று எழுதியிருக்கிறாய். இங்கே கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள், தமிழ் வாசிக்கத்தான் ஆளில்லை. தைரியமாகச் சஞ்சீவன் என்று எழுது.

அக்கா

*

கிளென் ஈடன்
16.6.1996

அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. அக்கா என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள், அதற்கே உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத இருந்தால் எதைச் சொல்லாமல் எழுதுவது என்று தெரியவில்லை.

சஞ்சீவன் இங்கேதான் இருக்கிறான். எங்கள் பின் அறையில். உங்களைப் பிடித்த அன்றிலிருந்தே.

அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான் என்று கோயிலில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவன் செய்யவில்லை, கூட்டாளிகள் யாரோ கராஜைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அவனைப் பிடித்தால் விசாரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இவர் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். யார் காய்ச்சினது என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் கீதையில் கை வைத்தேன்.

உங்கள் கடிதத்தில் ஊறுகாய்ப் போத்தல் பற்றி எழுதியிருந்ததை வாசித்த பிறகு மனம் கேட்கவில்லை. போன சனிக்கிழமை இவர் கடைக்குப் போயிருந்தார். சஞ்சீவன் மேசையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "சஞ்சீவன், அக்கா வீட்டில காச்சினது ஆர்?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லுவான் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"நான்தான் அண்ணி" என்றான். மறைக்கவே இல்லை. "வேலை செய்யிற இடத்தில ஒருத்தன் காட்டித் தந்தவன். அக்காவுக்கு ஒண்டும் வராது எண்டு நினைச்சன். வயசு போன பொம்பிளை, விட்டிடுவாங்கள் எண்டு அண்ணாவும் சொன்னவர்."

"அண்ணாவுக்குத் தெரியுமோ?" என்றேன்.

"அண்டைக்கே சொல்லிப்போட்டன்" என்றான். பிறகு, இன்னும் கொஞ்சம் தேங்காய்ச் சம்பல் இருக்கோ என்று கேட்டான். எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. கை தானாக வைத்தது.

அக்கா, இவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கோட்டுக்கு வந்தார். "பயப்படாதை, முதல் சொன்னதையே சொல்லு" என்று சாட்சிக் கூடு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எவ்வளவு அன்பான மனிதர் என்று அன்றைக்கு நினைத்தேன். உங்களில் சந்தேகப்படச் சொல்லித் தந்ததும் அவர்தான். அந்தக் கேள்வியை நான் உங்களிடம் கேட்டதை நினைக்கும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இவரிடம் கேட்டேன். "அவன் என்ர தம்பி" என்றார். "அவ என்ர அக்கா" என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் அதோடு நிறுத்திவிட்டோம்.

நான் சொன்னால் அவனைச் சிறையில் போட்டு, பிறகு கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். எயாப்போட்டில் இறங்குகிற தமிழ்ப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்று எங்களை விட யாருக்குத் தெரியும்? சொல்லாவிட்டால் நீங்கள் ஆறு வருடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் சதாசிவம் மாஸ்டராகவோ, அதைவிடக் கேவலமாகவோதான் நிற்கவேண்டி இருக்கிறது. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பிரசாந்தி

*

சிறைச்சாலை
24.6.1996

பிரசாந்தி,

புட்டும் சம்பலும்.

உன் கடிதத்தில் அந்த இடத்தைத் தாண்டி வாசிக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. நான் நீதிமன்றத்தில் "அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லி ஜூரி சிரித்தபோது, அவன் உன் வீட்டில் உன் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். நான் கொடுத்த போர்வையையும் கொண்டுவந்து விட்டானா?

என்னிடம் வழி கேட்கிறாய். சிறைக்குள் இருப்பவளிடம் வழி கேட்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான். இனி எழுதாதே. அப்பீல் முடியும்வரை எனக்கு ஒன்றும் எழுதாதே.

இரா.

*

சிறைச்சாலை
20.9.1996

பிரசாந்திக்கு,

எழுதாதே என்றவள் நான். நானே எழுதுகிறேன்.

அப்பீலில் வென்றுவிட்டோம். வெலிங்டனில் மூன்று நீதிபதிகள். நான் போகவில்லை, லோயர்தான் போய் வாதாடினா. நேற்று அந்த ஓடுகிற சப்பாத்தோடு உண்மையாகவே ஓடிவந்தா. தீர்ப்பை எனக்கு முன்னால் வைத்து வாசித்தா. பொய் சொன்னதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று ஜூரிக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் இப்படியொரு நாட்டிலிருந்து வந்தவரின் விஷயத்தில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது பெரிய குறை, இந்தத் தீர்ப்பை நிற்கவிட முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். சகோதரிகள் இருவரும் ஒரே பயத்தால் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்பதை ஜூரி யோசிக்கவே வழிவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்களைக் கண்ணால் காணாத மூன்று கிழவர்கள், பிரசாந்தி. அந்த இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

"அப்ப நான் வீட்டுக்குப் போகலாமோ?" என்று கேட்டேன். லோயர் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினா. குற்றத் தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டார்கள், ஆறு வருடமும் அதோடு போய்விட்டது. ஆனால் விடுதலை இல்லை. மறுபடி விசாரணை. புது ஜூரி, பழைய கேள்விகள். வென்ற செய்தி கேட்டு இப்படி இடிந்துபோய் இருந்தவளை அவ இதற்கு முன் கண்டிருக்க மாட்டா.

விசாரணை என்றால் உன்னைத் திரும்பவும் கூப்பிடுவார்கள். அதற்கு முன்பே பொலிஸ் உன் வீட்டுக்கு வரும். கராஜில் என்னுடையதல்லாத கைரேகைகளும் இருந்தன, அவை யாருடையவை என்று இந்தத் தரம் தேடியே ஆகவேண்டும் என்று லோயர் நிற்கிறா. நீ சஞ்சீவனைப் பற்றி எழுதியதை நான் அவவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அன்றே பொலிஸுக்குப் போய்விடும். உன் வாயால் வரவேண்டியதை நான் திருடக் கூடாது என்று நினைத்தேன். இது புத்தியா விசரா என்று எனக்கே தெரியாது.

என்ன சொல்லவேண்டும் என்று நான் உனக்கு எழுதமாட்டேன். ஒருவர் சாட்சிக் கூடு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது போதும். சஞ்சீவனை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அதை இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். அவன் செய்ததற்கு அவன் இந்த ஊர்ச் சிறையில் இருக்கட்டும், அந்த எயாப்போட்டில் போய் இறங்கவேண்டாம் என்றுதான் கேட்கிறேன். அதற்கும் வாதாட ஆள் இருக்கும்.

ஜூனில் எழுதிய கடிதத்துக்கு வருந்துகிறேன். சம்பலை எடுத்து வைத்த கையை எனக்குத் தெரியும். நானும் வைத்திருப்பேன்.

அக்கா

*

ஓக்லாந்து
11.10.1996

அக்கா,

இதை உங்கள் லோயரின் அலுவலகத்தில் இருந்து எழுதுகிறேன். இதுதான் கடைசி, இனி வழக்கு முடியும்வரை உங்களோடு கதைக்கவோ எழுதவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் ஒரு சாட்சி, வேறு விதமான சாட்சி. இதைக்கூட அவ கண்டும் காணாததுபோல அந்தப் பக்கம் திரும்பி இருக்கிறா.

புதன்கிழமை காலையில் பொலிஸ்காரர் வந்தார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மழை தூறிக்கொண்டிருந்தது, கஜந்தினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். இவர் ஒன்பது மணி வேலைக்கு வெளிக்கிட்டு, மேசையடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். சஞ்சீவன் எழும்பவில்லை.

நான் கதவைத் திறந்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டா. வழக்குத் திரும்ப வருகிறது, சில விஷயங்களைச் சரிபார்க்கவேண்டும் என்றா. பிறகு, எழுத ஆயத்தமாக, "இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டா.

பின்னால் இவர் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நானும் மனிசியும் மகளும்தான்" என்று இவர் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். அவ அதை எழுதினா. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தா. ஓம் என்று தலையை ஆட்டினால் போய்விடுவார்கள், அக்கா. அவ்வளவுதான் எனக்கு வேலை.

என் வாயில் அதுதான் வந்தது. வேறு ஒருவரும் இல்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா மாஸ்டரைத் திட்டிய சத்தம்கூடக் காதில் கேட்டது.

"இவரின் தம்பி இருக்கிறார். பின் அறையில். போன வருடம் யூலையிலிருந்து இருக்கிறார். அதற்கு முன் என் அக்காவின் கராஜில் இருந்தார். அங்கே கொண்டுபோய் விட்டது நான்" என்றேன். இவ்வளவும் ஆங்கிலத்தில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "நான் கோட்டில் சொன்னது பொய்" என்றும் சொன்னேன்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டா. நீங்கள் சொல்வதற்காக உங்கள் மேலேயே வழக்கு வரலாம், லோயரோடு கதைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றா. ஓம் என்றேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

சஞ்சீவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் ஓடவில்லை. சப்பாத்துப் போட விடுவீர்களா என்று கேட்டான். குனிந்து போட்டான், போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அண்ணி" என்றான். கோபமாக இல்லை. ஏன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கார் போகும்வரை வாசலில் நின்றேன். கீதன் அண்ணாவை ஏற்றியபோது மாஸ்டரும் இப்படித்தான் நின்றிருப்பார் போல.

கைரேகை பொருந்துகிறது என்று நேற்று லோயருக்குச் சொல்லிவிட்டார்களாம். உங்கள் மேல் உள்ள வழக்கை இனி நடத்தமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறா, இன்னும் சில கிழமை என்கிறா. உங்களுக்கு இருக்க இடம் கோயில் பத்மாவதி அன்ரி தருகிறாவாம், அதே மவுண்ட் ஆல்பர்ட்டில். நீங்கள் வெளியே வருகிற அன்று நான் வாசலில் நிற்கக் கூடாது. நின்றதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வழக்கு என்ன ஆகும் என்று தெரியாது. நீங்கள் சொன்னதுபோல, பொய்க்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று என் நீதிபதியாவது சொல்லட்டும். சஞ்சீவனைக் கொழும்புக்கு அனுப்பாமல் இருக்க வழி இருக்கிறதா என்று லோயரிடம் கேட்டேன். அவ வியப்பாகப் பார்த்துவிட்டு, வேறு ஒரு லோயரின் பெயரை எழுதித் தந்தா. திங்கட்கிழமை போகிறேன்.

இவர் வீட்டில்தான் இருக்கிறார், என்னோடு கதைப்பதில்லை. நேற்று மட்டும் ஒரு வசனம் சொன்னார். இவரின் அம்மா கொழும்பிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பா. சஞ்சீவன் கிறைஸ்ட்சேர்ச்சுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் ரெலிபோனை எடுக்கப் போகிறேன், அக்கா. இன்னொருவர் சொல்லி மாமி அறியக் கூடாது. மாமி சுகம் கேட்கமாட்டா, காலநிலை கேட்கமாட்டா. எடுத்தவுடனே "என்ர சின்னவன் வீட்டில நிக்கிறானோ?" என்றுதான் கேட்பா.

பிரசாந்தி